கீழே வைத்த கிண்ணம்

நாடாளுமன்றக் குழுவறையில், பஸ்ராவின் ஈச்சந்தோப்பு உழவர்களுக்காகப் பேச எழுந்த உறுப்பினர் லஃப்தா, தமக்கு ஊற்றிய காப்பியைப் பருகாமல் கிண்ணத்தைக் கீழே வைக்கிறார். கேட்டது கிடைக்கும்வரை பருகுவதில்லை என்பது குலவழக்கு. அவையினர் அனைவரும் அதனை அறிவர். சாளர வெயில் காப்பியின் கரிய பரப்பில் ஒரு துளிப் பொன்னாய் மிதக்கிறது. "கடலுப்பு வேருக்கு ஏறிடுச்சு, தலைவரே. இந்த வாரம் அணையத் திறந்து நல்ல தண்ணி விடலேன்னா பஸ்ராவுல ஒரு மரம் மிஞ்சாது." சுவரோரம் நிற்கும் உழவர்கள் தலைவரை நோக்குகின்றனர். குழுத்தலைவர் நெஞ்சில் கைவைத்து, லஃப்தாவை மகன் பெயரிட்டு மரியாதையாய் அழைத்து முறுவலிக்கிறார். "உங்க பேச்சு என் தலைமேல, அபூ சல்வான். குடிங்க, ஆறுது." அதை வாக்காகக் கொண்டு லஃப்தா கசடுவரை பருகுகிறார். முதிய உழவர் ஒருவர் விம்மி இறைவனைப் புகழ்கிறார்.

கிண்ணம் ஒழிந்தபின் தலைவர் வாக்கெடுப்பை அறிவிக்கிறார். அணையைத் திறக்க உயர்வது லஃப்தாவின் கை ஒன்றே.

"தலைமேலன்னு சொன்னீங்களே!"

"தலைமேலதான்யா இருக்கு. கைக்கு இன்னும் எறங்கல."

அறை குலுங்கிச் சிரிக்கிறது. லஃப்தாவின் விரல்களில் வெறுங்கிண்ணம் நடுங்குகிறது. மறுபடி ஊற்ற வந்த பணியாள் அதைக் காண்கிறான். கிண்ணத்தை அசைத்தால் 'போதும்' என்று பொருள். பணிவோடு அதை வாங்கிக்கொண்டு அடுத்தவரிடம் செல்கிறான்.