ஒற்றைக் கண்ணால் பார்த்த படம்

திரையில் நாய் சாட்சிக் கூண்டில் ஏறி நின்றது.

அவள் சட்டென்று இடது கண்ணை மூடிக்கொண்டாள்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் அவள். ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்தால் லென்ஸில் இருக்கும் கீறல்தான் தெரியும். அதற்குப் பின்னால் இருக்கிற உலகம் தெரியாது. அந்த வித்தையைத்தான் இப்போது திரையின் மேல் காட்டிக்கொண்டிருந்தாள். அதோ, வலது மூலையில் ஒரு கிழிசல். தைத்திருக்கிறார்கள். நடுவில் எண்ணெய் பட்டது போல ஒரு கறை. அதையே பார். நாயைப் பார்க்காதே.

நாய் வில்லனின் செருப்பை மோந்துவிட்டு நீதிபதியைப் பார்த்துக் குரைத்தது. நீதிபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நீதிபதியே அழலாம், நான் மட்டும் அழக்கூடாதா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அழக்கூடாது என்பது அண்ணியின் கட்டளை. படி இறங்கும்போதுகூட விடவில்லை. "இந்தா பாரு, அந்த மனுஷன் பக்கத்துல உக்காந்து ஒப்பாரி வச்சுத் தொலைக்காத. போன வரன் எதனால போச்சுன்னு ஞாபகம் இருக்குல்ல?"

மறக்குமா?

அதுவும் இப்படிப் படம் பார்க்கப் போனதுதான். ஓடுகிற ரயிலை ஹீரோ கயிறு போட்டு நிறுத்தினான். இவள் எழுந்து நின்று கை தட்டினாள், அழுதாள், பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் சட்டைக் கையிலேயே மூக்கையும் துடைத்துவிட்டாள். மறுநாள் தகவல் வந்தது: பொண்ணு கொஞ்சம் ஒரு மாதிரி.

என்ன செய்வாள், பாவம்? அவளுக்கு எந்தப் படமானாலும் பிடித்துப் போகும். பிரிந்தவர்கள் சேர்ந்தால் அழுவாள், சேராவிட்டால் அதைவிட அழுவாள். குண்டடி பட்டவன் எழுந்து பாட ஆரம்பித்தால், நல்லவேளை பிழைத்தான் என்று மூச்சு விடுவாள். ஊரே காறித் துப்பிய படத்துக்கு இன்னொரு தடவை போய்விட்டு வருவாள். வெள்ளைத் துணியைக் கட்டி விளக்கைப் போட்டால் இவளுக்குப் போதும் என்று அண்ணன் கேலி செய்வான்.

ஆனால் இந்த மனிதரை விட்டுவிட அவளுக்கு மனசில்லை.

லிஃப்ட் மெக்கானிக் அவர். நாற்பதைத் தாண்டியவர். வாசலில் டிக்கெட்டை நீட்டும்போது அவள் விரல் நுனியைப் பார்த்துவிட்டு, "தேய்ச்சுத் தேய்ச்சு ரேகையே போயிருச்சாங்க?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. அந்த ஒரு கேள்வியிலேயே பாதி சாய்ந்துவிட்டாள்.

அதனால்தான் இந்தப் பாடு. நாற்காலியில் முள் முளைத்த மாதிரி இப்படியும் அப்படியும் நெளிந்தாள். தொடையைக் கிள்ளிக்கொண்டாள். கைப்பையைத் திறந்து மூடினாள்.

அவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. படம் தொடங்கியதிலிருந்து காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். வாயைப் பொத்திய கையை எடுக்கவே இல்லை. கொட்டாவி போல. மெக்கானிக் மூளை அல்லவா, நாய் சாட்சி சொல்வதையெல்லாம் ஏற்றுக்கொள்ளுமா? போனில் அவர்தான் கூப்பிட்டார். "புதுப் படங்க, நான் இன்னும் பார்க்கலை, போலாமா?" என்று. இப்போது நொந்துகொண்டிருப்பார்.

இடைவேளையில் டீ வாங்கி வந்தார். படம் எப்படி என்று பயந்து பயந்து கேட்டாள்.

"இங்க ஏசி ரொம்ப சத்தம் போடுதுங்க. பேரிங் போயிருக்கு" என்றார் அவர், டீயைப் பார்த்துக்கொண்டு.

போச்சு. மனிதர் படத்தையே பார்க்கவில்லை. அவள் டீயை ஒரே மூச்சில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.

மறுபடி இருட்டு. மறுபடி ஒற்றைக் கண்.

கடைசிக் காட்சி வந்தது. பார்வையில்லாத தாயின் கண்கட்டை டாக்டர் ஒவ்வொரு சுற்றாக அவிழ்க்கிறார். எதிரே, பிறந்தபோதே பிரிந்துபோன இரட்டைப் பிள்ளைகள். நடுவில் நாய், நெற்றியில் பிளாஸ்திரியோடு.

கிழிசலைப் பார்த்தாள். கிழிசல் கலங்கியது. கறையைப் பார்த்தாள். கறை நீந்தியது. இதற்கு மேல் தாங்காது என்று தெரிந்ததும், திரைக்கு முகத்தைக் காட்டாமல் வெடுக்கென்று அவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரை வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்திருந்தது.

வாயைப் பொத்தியிருந்த கை தானாக மடியில் இறங்கிக் கிடந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. இவளையும் கவனிக்கவில்லை. உதடுகள் மட்டும் சத்தமில்லாமல் அசைந்தன.

படத்தைத் திட்டுகிறாரா?

உதடுகள் இரண்டும் 'அம்மா' என்று ஒட்டிப் பிரிந்தன.

அதற்கப்புறம்தான் திரையில் பெரிய பிள்ளை, "அம்மா" என்றான்.

மறுபடி ஒட்டிப் பிரிந்தன. சின்னப் பிள்ளை, "அம்மா" என்றான்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

அவர் கழுத்தை லேசாக முன்னால் நீட்டினார். வாயைக் குவித்து, சத்தமே வராமல், லொள் லொள் என்றார்.

திரையில் நாய் குரைத்தது.

அவள் மூடியிருந்த கண்ணையும் திறந்துகொண்டாள்.