ராதாபுரத்து மழை

"ராதாபுரத்துல மழையா? அந்தப் பனங்காட்டுப் பக்கத்துலருந்து வாரவங்க ஒருத்தரும் சொல்லலியேம்மா" என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார் எழுத்தர் தில்லைநாயகம்.

கலையரசி விண்ணப்பத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். போன மாதம் இதே பாளையங்கோட்டைக் கல்லூரியில், இதே சன்னலில் வாங்கிப்போன டிரான்ஸ்கிரிப்ட், அதாவது மதிப்பெண் பட்டியல், வைத்து ஒட்டின உறை ராதாபுரத்து வீட்டுக்குப் போகிற வழியில் மழையில் நனைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தாயிற்று. எழுதினது எழுதினதுதான்.

மேல்படிப்புக்கு இடம் கொடுத்த ஜெர்மனிப் பல்கலைக்கழகம் கறாராகச் சொல்லியிருந்தது. உறை ஒட்டினது ஒட்டினபடி வரவேண்டும். ஒட்டின வாயில் கல்லூரி முத்திரையும் முதல்வரின் பச்சை மைக் கையெழுத்தும் கலையாமல் இருக்க வேண்டும். முதலில் போனதில் மை கலைந்திருக்கிறது, செல்லாது என்றுவிட்டார்கள்.

இன்று சாயங்காலத்துக்குள் கூரியரில் போட்டால்தான் கெடுவுக்குள் போய்ச் சேரும். தவறினால் அந்த இடம் வேறு யாருக்கோ.

அதைச் சொன்னால் மட்டும் அலுவலகம் ஓடிவிடுமா?

காலையிலிருந்து அலைக்கழிப்புதான். நூலகத்தில் பாக்கி இல்லையென்று எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். போன மாதம்தானே வாங்கித் தந்தேன் என்றாள். அது போன மாதத்துக்கு என்றார்கள். நூலகர் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வந்ததும் மின்சாரம் போனது. மின்சாரம் வந்ததும் பிரிண்டர் தாளைக் கடித்துக்கொண்டு நின்றது. இதற்கு நடுவில், ஜெர்மனிக்காரன் நம்ம முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்தா பார்க்கப் போகிறான் என்று தில்லைநாயகத்தின் கேலி வேறு.

சன்னல் கம்பியைப் பிடித்து நின்றவளுக்குக் காலையில் அம்மாவிடம் கத்தியது திரும்பத் திரும்ப வந்தது. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உறை தயாரானபோது முதல்வர் நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார். இனித் திங்கட்கிழமைதான்.

தில்லைநாயகம் ஓடினார். காரில் ஒரு காலை வைத்துவிட்டவரை மறித்து, உறையில் கையெழுத்து வாங்கி வந்தார். வேகமாக நடந்தே பழக்கமில்லாத மனுஷர். மூச்சு இரைக்க நாற்காலியில் உட்கார்ந்தார்.

கலையரசிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதுவரை மனதுக்குள் திட்டிய திட்டெல்லாம் எங்கே போனதோ. குனிந்து, இதோ வந்துவிடுகிறேன் என்று கூரியர்காரருக்குச் செய்தி அனுப்பினாள்.

கண்ணைத் துடைத்ததை அவர் பார்த்திருக்க வேண்டும். உறையோடு பைய எழுந்து, பீரோவுக்கு மேலிருந்த பிள்ளையார் படத்துப் பக்கம் போனார். வெள்ளிக்கிழமைப் பூ இன்னும் வாடாமல் இருந்தது. சுவரைப் பார்த்து நின்று என்னமோ செய்தார். திரும்பி வந்து, இரண்டு கையாலும் உறையை நீட்டினார்.

"கொண்டுட்டுப் போ தாயி. இந்தத் தடவ ஒரு கொறையும் வராது."

உறையின் நான்கு மூலையிலும் குழைத்த மஞ்சள். ஒரு மூலையிலிருந்து வழிந்த ஈரம் பச்சைக் கையெழுத்தைத் தொட்டுவிட்டது. மை இளகிப் பரவிக்கொண்டிருந்தது.

வாசலில் முதல்வரின் கார் நின்ற இடம் காலியாகக் கிடந்தது.

தில்லைநாயகத்தின் முகத்தில் அப்படியொரு நிறைவு.

ராதாபுரத்தில் மழை பெய்யவில்லை. போன மாதம் அம்மாவும் இப்படித்தான், நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள்.