நாலு நிமிஷ வாய்ஸ்

எங்கள் புறாப் பந்தய வாட்ஸப் குரூப்பில் அரை நிமிஷத்துக்கு மேல் வாய்ஸ் போட்டால் வெளியே தள்ளிவிடுவேன். நீட்டிப் பேசுகிறவன் புளுகுகிறான். என் மருமகனையே தள்ளியிருக்கிறேன். பக்கவாதம் வந்து மூன்று மாதமாகப் பேச்சில்லாமல் கிடந்த என் கூட்டாளி காதர் நேற்று ஒரு வாய்ஸ் போட்டான். நாலு நிமிஷம்.

"டேய்... சூசை... என் கர்ணப் புறா... முட்டை... வச்சிருக்குடா."

அவ்வளவுதான். மீதியெல்லாம் மூச்சு. ரெண்டு தடவை கேட்டேன்.

"அட்மின் அண்ணே, சட்டம் கூட்டாளிக்குக் கிடையாதோ?" என்று தேவசகாயம் குத்தினான்.

அவனையும் அட்மின் ஆக்கினேன். பிறகு மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வானத்தில் குட்டிக்கர்ணம் அடிக்கும் அந்தப் புறாவின் பவுசைப் பற்றி அஞ்சு நிமிஷம் பேசினேன். கடைசியில், "தள்ளுறதுன்னா எங்க ரெண்டு பேரையும் சேர்த்துத் தள்ளுடா" என்றேன்.