நாற்காலிக்கு அடியில் தண்ணீர்

மாதா மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

நிலத்தடி நீரோட்டத்தைக் கணினியில் கணிக்கும் கிளிஃபர்டை, ஜோகுபாளையம் அபார்ட்மென்ட்காரர்கள் கூட்ட அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

"போர் போட எடம் காட்டிட்டுப் போங்க சார்," என்றார் ஜன்னலுக்கு வெளியே செயலாளர் தர்ஷினி.

"சாயங்காலம் என் பொண்ணுக்கு நிச்சயம், மேடம்."

"அப்போ சீக்கிரம் காட்டுங்க."

மடிக்கணினித் திரையில், நிலத்தைப் பிரித்துக் காட்டும் எல்லாக் கட்டமும் வறண்ட சிவப்பு. நல்லவேளை, அவற்றை வேண்டிய இடத்தில் வளைக்கலாம், சுருக்கலாம். கிளிஃபர்ட் சுருக்கிச் சுருக்கிக் கடுகளவாக்கியதும் ஒரு கட்டம் நீலமானது. அது சரியாக அவர் நாற்காலிக்கு அடியில் இருந்தது.

தர்ஷினி ஜன்னல் வழியே கடப்பாரையை நீட்டினார். "நம்பி ஏமாந்தது போதும். தோண்டிக் காட்டுங்க."

இரண்டே குத்து. பீறிட்ட தண்ணீர் கழுத்தளவு ஏறிக் கதவைப் பெயர்த்தது. கிளிஃபர்ட் நீந்தியே மர்பி டவுன் போய் நிச்சயத்தை நடத்தினார்.

அந்த அறை நான்காவது மாடியில் இருக்கிறது.