கடல் தெரியும் அறை

“என் கேபின் டேட்டா முதல்ல போகணும். கெஸ்ட் ரூம் எல்லாம் கடைசி,” என்றார் மேனேஜர் வேதாந்தம்.

மாமல்லபுரம் ரிசார்ட்டின் நெட்வொர்க் சுவிட்சில், யாருடைய டேட்டா முதலில் போகவேண்டும் என்று ஆக்சஸ் லிஸ்ட் போட, செங்கல்பட்டிலிருந்து வந்திருந்த டெக்னீஷியன் ஸ்டான்லி தயங்கினான்.

“ரூம்ல தங்கறவங்க கத்துவாங்களே சார்?”

“கத்தினா, கடலைப் பார்க்கத்தானே வந்தீங்க, பாருங்கன்னு சொல்லு. நாளைக்கு ஹெட் ஆபீஸோட எனக்கு வீடியோ இன்டர்வியூ. ஜெனரல் மேனேஜர் போஸ்ட்! என் மூஞ்சி ஸ்கிரீன்ல ஒரு செகண்டு அசையாம நின்னாலும் உன்னைத் தொலைச்சுடுவேன்.”

இந்த மூஞ்சி ஓடினால் என்ன, நின்றால் என்ன என்று நினைத்துக்கொண்டே ஸ்டான்லி சொன்னபடி செய்தான். கேபின் சுவரில் இருக்கும் நெட் கேபிள் போர்ட்டுக்கு ராஜ மரியாதை. அறைகளுக்குக் கடைசி வரிசை.

இன்டர்வியூ முடியும்வரை போகக்கூடாது என்று உத்தரவு. மறுநாள் ரிசப்ஷனில் காத்துக்கிடந்தவனிடம், வரவேற்பாளர் ஜாக்குலின் போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள்:

“அண்ணே, பன்னெண்டாம் நம்பர் ரூம்ல நெட்டு சிக்கிகினு கீதாம். கத்துறாரு.”

“கடலைப் பாக்கச் சொல்லும்மா. மேனேஜர் ஆர்டர்.”

அதை அப்படியே சொல்லிவிட்டுப் போனை வைத்தவள், விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இன்னாம்மா சிரிக்கிற? யாரு அந்த கெஸ்ட்டு?”

“கெஸ்ட்டா? நம்ம மேனேஜருண்ணே! தனக்குப் பின்னாடி கடல் தெரிஞ்சா கெத்தா இருக்கும்னு, கேபினை வுட்டுட்டு லேப்டாப்பைத் தூக்கினு அந்த ரூம்ல போய் குந்திகினு கீறாரு. வாயைத் தொறந்தபடியே மூஞ்சி நின்னுபோச்சாம்!”