எதிரெதிர்க் கதிரைகள்

நண்டு உடைக்கும் கூடத்தில் ஐஸ் உருகி, ஈரத் தரையெங்கும் வெளிச்சம் வழுக்குகிறது. நீண்ட மேசையின் இருபுறமும் பெண்கள் எதிரெதிராக இருந்து, ஓட்டைப் பிளந்து சதையைத் தட்டில் சேர்க்கிறார்கள். தட்டில் சதையின் நிறை குறைந்தவர்களை இங்கே வேலைக்கு வைத்திருப்பதில்லை. மேசையின் முனையில் மனேஜர் இரண்டு வரைபடங்களை விரித்திருக்கிறார். ஒன்று இப்போது இருக்கிறபடி. மற்றதில் எல்லாக் கதிரைகளும் சுவரைப் பார்த்தபடி ஒரே வரிசையில். “எது திறம்?” என்கிறார். பக்கத்தில் ஜெயனி. போன மாதம்வரை இதே மேசையில், இப்போதும் நண்டு உடைத்துக்கொண்டிருக்கும் யசிந்தாவுக்கு எதிரே இருந்தவள், இப்போது சுப்பர்வைசர். அவளுடைய நீலத் தொப்பி இன்னும் புது விறைப்போடு இருக்கிறது. “ரெண்டாவதுதான் சேர். எதிரெதிரே இருந்தால், கெதியாய்ச் செய்யிற ஆள் தன்ரை சதையை ஏலாத ஆளின்ரை தட்டுக்குள்ளை தள்ளிவிடுவா. எங்களுக்குப் பிடிபடாது.” “உமக்கு எப்பிடித் தெரியும்?” “கண்டிருக்கிறன் சேர்.” யசிந்தாவின் கத்தி ஓட்டிலேயே நின்றுவிடுகிறது. ஜெயனி வயிற்றில் பிள்ளையோடு, வீங்கிய விரல்களை மடக்க முடியாமல் இருந்த மாதங்களில், அவளுடைய தட்டை நிரப்பியது இந்தக் கைதான். ஜெயனி வரைபடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளுடைய பழைய கதிரையில் இப்போது இருக்கும் வயதான மெற்றில்டா அன்ரி, பாதிகூட நிரம்பாத தட்டை வழக்கம்போலக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளுகிறார். யசிந்தாவின் கைநிறைந்த சதை மேசைக்கு நடுவே அந்தரத்தில் நிற்கிறது. மனேஜர் நிமிர்ந்து பார்க்கிறார். அந்தக் கை மெல்லத் திரும்பி, சதையைத் தன்னுடைய தட்டிலேயே வைக்கிறது.