சாம்பலுக்குள் வைத்த தங்கம்

அன்று மாலை நான்கு மணிக்கு அப்துல் அஜீஸின் மசாலாக் கடையில் இருந்தவர்கள்: கடைக்காரர் அப்துல் அஜீஸ், பக்கத்து நகைப் பட்டறை கார்த்திகேசு பத்தர், எதிர்த்த துணிக்கடை அலாவுதீன், துறைமுக ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி திருநாவுக்கரசு, இடியப்பம் விற்கும் சபூரா. ஆக ஐந்து பேர். சுவரில் ஒரு டெலிபோன். அந்தத் தெருவுக்கே அது ஒன்றுதான்.

சபூரா கூடையை இறக்கி வைத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, கறுத்துப்போன ஒரு கட்டியை மேசையில் வைத்தாள்.

"பத்தரே, இதைப் பார்த்துச் சொல்லுங்க. தங்கம்னு சொல்லி என்கிட்ட நாற்பது வெள்ளிப் பணம் வாங்கிட்டான்."

பத்தர் கட்டியைப் புரட்டினார். நகத்தால் கீறினார்.

"என்னக்கா இது, அப்பம் மாதிரி தட்டையா இருக்கு?"

"விரல் மாதிரிதான் வந்துச்சு. திருடன் பயம்னு அடுப்புச் சாம்பலுக்குள்ள புதைச்சு வச்சேன். நேத்து மவுலூது ஓதுற வீட்டு ஆர்டர். விடிய விடிய எரிச்சேன். காலையில பார்த்தா உருகிக் கிடக்கு."

"இடியப்ப அடுப்புல தங்கம் உருகுமா? நான் ஊதுகுழலை வச்சு உயிர் போக ஊதினாத்தான் உருகும். இது ஈயம்!"

முதலில் அலாவுதீன் சிரித்தான். பிறகு நான்கு பேரும் சிரித்தார்கள்.

"யாரு அக்கா இதை வித்தது?" என்றார் பத்தர்.

"கம்பெனிக்காரன். கட்டியை ஆள்கிட்ட குடுத்தனுப்பினான், பேசினதெல்லாம் டெலிபோன்ல."

"டெலிபோன்லயா! மூஞ்சியே பார்க்காம நாற்பது வெள்ளியா?" திருநாவுக்கரசு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஸலாம் சொல்லித்தான்யா ஆரம்பிச்சான். பாதிப் பணத்துக்கே கட்டியைக் குடுத்துடுவோம், மீதி நாற்பதை ஒரு மாசத்துல குடுங்க, வித்தா இருநூறு வரும்னான். எல்லாம் ஹஜ்ஜுக் கப்பலுக்குச் சேர்த்த காசு."

"ஸலாம் சொன்னா கொடுத்துடறதா? நல்ல ஆள்லா நீங்க!" என்றான் அலாவுதீன். "கூடைக்காரிக்கு எதுக்குக்கா தங்க வியாபாரம்?"

சபூரா அவிழ்ந்த முந்தானையை முடிந்துகொண்டாள்.

"எந்த டெலிபோன்ல பேசினீங்க?" என்று கேட்டார் அப்துல் அஜீஸ்.

"இதுலதான் தம்பி. போன மாசம் ஜும்ஆவுக்குப் போறப்ப கடையைப் பார்த்துக்கச் சொன்னியே, அப்ப மணி அடிச்சுது. எடுத்தேன்."

அப்துல் அஜீஸ் கல்லாப் பெட்டியை மூடினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"பட்டறை பக்கத்துலயே இருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" என்றார் பத்தர். "சரி, அந்த அரக்கு முத்திரை போட்ட சிவப்புத் துணி எங்கே?"

"எரிஞ்சு போச்சு" என்றாள் சபூரா.

துணியைப் பற்றியோ முத்திரையைப் பற்றியோ அவள் அதுவரை வாயே திறக்கவில்லை. பத்தரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான்.

"மீதியை வாங்க அஞ்சு மணி ஃபெரியில ஆள் வருதாம். அதுக்கு முந்தி நாலு பேர் காதுல போட்டுட்டா நல்லதுன்னு வந்தேன்."

"கேட்டுட்டோம், கேட்டுட்டோம்!" திருநாவுக்கரசு மறுபடியும் சிரித்தார். கூட யாரும் சிரிக்கவில்லை.

அப்போது டெலிபோன் மணி அடித்தது.

"நான் எடுக்கறேன்" என்று பத்தர் எழுந்தார்.

"என் கடை, நான் எடுக்கறேன்" என்றார் அப்துல் அஜீஸ்.

"எனக்குத்தான் வரும், ஆபீஸ்ல இருந்து!" கிராணியின் கை அதற்குள் சுவரைத் தொட்டுவிட்டது. மிளகு மூட்டையைத் தாண்டிக் குதித்த அலாவுதீன், அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"உட்காருங்க எல்லாரும்" என்றாள் சபூரா.

உட்கார்ந்தார்கள்.

"பத்தரே பணம் போட்டிருக்காரு, கிராணி அய்யா போட்டிருக்காரு, அஜீஸ், அலாவுதீன் எல்லாரும் போட்டிருக்காங்கன்னு சொல்லித்தான் என்னையும் சேர்த்தான். தங்கம் தெரிஞ்ச பத்தரே போட்டிருக்காருன்னா நமக்கென்ன பயம்னு நானும் கொடுத்துட்டேன்."

டெலிபோன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"முத்திரையை உடைச்சா விலை குறைஞ்சிடும்னான்..." என்று முனகினார் பத்தர். "அதான் உரசிப் பார்க்கல."

"எங்க பேரெல்லாம் தெரிஞ்சுமா, அக்கா, நாங்க சிரிச்சதைக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க?" என்றார் அப்துல் அஜீஸ்.

"மீதியைக் கட்டாம நீங்க தப்பிச்சா சரின்னு இருந்தேன். ஒருத்தர் முன்னால ஒருத்தர்னு நாலு ஆம்பளைங்க தலை குனியறதுக்கு, நான் ஒருத்தி குனிஞ்சா போதாதா? இந்த மணி அடிச்சுக் கெடுத்துடுச்சு. எடு தம்பி. பணம் ரெடி, ஆளை அனுப்புன்னு சொல்லு."

அப்துல் அஜீஸ் எடுத்தார். சொன்னார். வைத்தார்.

அலாவுதீன் மாத்தா-மாத்தாவைக் கூட்டிவரப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினான். மாத்தா-மாத்தா இரண்டு பேர் வந்து அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஐந்து மணி ஆக இன்னும் நேரம் இருந்தது. கிராணி தலையைக் குனிந்தபடி, "அக்கா, இடியப்பம் இருக்கா?" என்று கேட்டார்.

கூடையில் இருபத்தைந்து இருந்தன. நான்கு பேரும் ஆளுக்கு ஆறு வாங்கினார்கள். அவர்கள் வீடுகளில் அத்தனை பேருக்குப் பசி இல்லை.

பத்தர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "அதையும் கொடுங்கக்கா, நானே வாங்கிக்கறேன்."

"வேணாம் பத்தரே." சபூரா அதன் மேல் வாழையிலையை மூடினாள். "என் நாற்பதை அவன்கிட்ட கேட்டு வாங்கணும், அது வேற. ஆனா அக்கரையில இருந்து வர்றவன். ராத்திரி லாக்கப்ல என்ன கொடுப்பாங்களோ."

மீதி ஒன்று.